தேசிய நாளுக்குப் பிள்ளைகளோடு வீட்டில் அலங்காரம்: போன வருடம் சொதப்பியவள் கேட்கிறேன்

#1 மழைக்காகிதம்

எல்லோருக்கும் வணக்கம். தேசிய நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. வீட்டில் ஒன்பது வயதுப் பெண், ஐந்து வயதுப் பையன். கடையில் வாங்காமல், பிள்ளைகளே பெரும்பகுதியைச் செய்கிற மாதிரி எளிய அலங்காரம் வேண்டும். இங்கே ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறீர்கள், அதனால் எங்கள் நாடு எது என்று சொல்லாமல் பொதுவாகவே கேட்கிறேன்.

போன வருடக் கதையைச் சொல்லிவிடுகிறேன். கொடியின் படத்தை வீட்டு பிரிண்டரில் அச்செடுத்து, நாற்பது வெட்டி, நூலில் ஒட்டி பால்கனியில் கட்டினோம். இரவு மழை. காலையில் எழுந்து பார்த்தால் சிவப்பு மை வெள்ளையில் இறங்கி எல்லாம் ரோஜா நிறம். பாதி அறுந்து தெருவில் கிடக்கிறது. கீழ்வீட்டுப் பெரியவர் அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மண்ணைத் துடைத்து, ஒரே பக்கமாக அடுக்கி, மேலே ஏறி வந்து மணியடித்துக் கையில் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

மகள் உடனே கேட்டாள்: "இதைக் குப்பையில் போடலாமா அம்மா?" பதில் தெரியாமல் அலமாரியில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

#2 கத்தரிமூக்கு

பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. இருபது வருடத்தில் நான் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான்: கொடியைச் செய்யாதீர்கள், கொடியின் நிறங்களை எடுத்துக்கொண்டு வேறு எதையாவது செய்யுங்கள்.

இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்லை. இந்தியாவின் 2002 கொடிச் சட்டத் தொகுப்பு தேசியக்கொடியைத் தோரணமாகவோ அலங்காரமாகவோ பயன்படுத்தக் கூடாது என்கிறது. அமெரிக்கக் கொடி விதிகள் இன்னும் ஒரு படி மேலே போய் மாற்று வழியையே சொல்லிவிடுகின்றன: அலங்காரத்துக்குக் கொடியைத் தொங்கவிடாதே, நீலம் வெள்ளை சிவப்புத் துணித் தோரணம் கட்டு, நீலம் மேலே, வெள்ளை நடுவே, சிவப்பு கீழே வரட்டும் என்று வரிசை வரை எழுதியிருக்கிறது. தூக்கி எறியப்போகிற காகித டிஷ்யூவில் கொடியை அச்சடிக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது.

விதியை விடுங்கள். நடைமுறையில் யோசியுங்கள். ஒரு காகித வளையம் அறுந்து விழுந்தால் அது குப்பை. கொடி அறுந்து விழுந்தால் உங்கள் மகள் கேட்ட கேள்வி வந்துவிடும். ஐந்து வயதுப் பிள்ளை செய்கிற வேலை அறுந்துதான் விழும், பசை வழிந்துதான் இருக்கும். அந்தச் சுதந்திரம் அவனுக்கு வேண்டும் என்றால் அவன் கையில் கொடி இருக்கக் கூடாது.

#3 வெட்டிப்பேச்சு

இது கொஞ்சம் ஓவராகத் தெரிகிறது எனக்கு. டென்மார்க்கில் பிறந்தநாள் கேக்கில் கொடி குத்துகிறார்கள், கிறிஸ்துமஸ் மரத்தில் குட்டிக் கொடிகளைச் சரமாகத் தொங்கவிடுகிறார்கள். அங்கே யாருக்கும் மரியாதை குறைந்த மாதிரி தெரியவில்லை. பிள்ளை கொடியை வரைந்தால்தானே அதில் என்ன இருக்கிறது என்று தெரியும்? நிறத்தை மட்டும் எடுத்து வளையம் பண்ணினால் எல்லா நாட்டு வளையமும் ஒன்றுதான்.

#4 கத்தரிமூக்கு

நியாயமான பேச்சு. ஊருக்கு ஊர் வழக்கம் மாறும், அவரவர் நாட்டு விதியைப் பார்த்துக்கொள்வதுதான் சரி. நான் வகுப்பில் இரண்டையும் பிரித்துவிடுவேன். கொடி ஒன்றே ஒன்று. அதை மேசையில் உட்கார்ந்து, அளந்து, நிதானமாக வரைவது ஒரு நாள் வேலை. அது சுவரில் தட்டையாக, நனையாத இடத்தில் இருக்கும். மற்றதெல்லாம் நிறம். அதில் எப்படி வேண்டுமானாலும் புரளலாம்.

#5 நூல்கண்டு

அக்கா, முதலில் காகிதச் சங்கிலி. ஐந்து வயதுப் பையனுக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது. ஏ4 தாளைக் குறுக்குவாட்டில் 3 செ.மீ. பட்டையாக வெட்டினால் ஒரு தாளில் 9 பட்டை வரும். நுனியில் 1 செ.மீ. மேலேற்றி ஒட்டுங்கள். ஒரு வளையம் தொங்கும்போது ஆறு ஆறரை செ.மீ. நீளம் பிடிக்கும். 3 மீட்டர் சங்கிலிக்கு ஐம்பது வளையம் போதும், அதாவது ஆறு தாள். மூன்று நிறம் என்றால் நிறத்துக்கு இரண்டு தாள். நாங்கள் முதல் வருடம் கணக்குப் போடாமல் வெட்டித் தள்ளி, இப்போதும் ஒரு டப்பா நிறைய பட்டை இருக்கிறது.

ஸ்டேப்ளர் கொடுக்காதீர்கள். பசையே போதும். ஒட்டிவிட்டு பத்து எண்ணும்வரை விரலால் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுக் குட்டி எண்ணக் கற்றுக்கொண்டதே அப்படித்தான். ஆறுக்கு அப்புறம் நேராக ஒன்பதுக்குத் தாவிவிடுவாள், பசை அதற்குள் பிடித்துவிடும்.

மூன்று வாரம் இருக்கிறது என்றீர்களே, 21 வளையத்தில் தனியாக ஒரு சங்கிலி செய்து தினமும் ஒன்றைக் கிழிக்கச் சொல்லுங்கள். "இன்னும் எத்தனை நாள்" என்ற கேள்வி நின்றுவிடும்.

#6 அரைவட்டம்

நட்சத்திரம் உள்ள கொடி என்றால் ஒரே வெட்டில் ஐந்து முனை நட்சத்திரம் வெட்டச் சொல்லிக்கொடுங்கள். ஒன்பது வயதுக்கு இது மந்திரம் மாதிரி இருக்கும். எழுத்தில் விளக்குவது கொஞ்சம் கஷ்டம், தாளைக் கையில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

20 செ.மீ. சதுரத் தாள், மெல்லியதாக இருக்கட்டும். பாதியாக மடியுங்கள். மடிப்பு கீழே இருக்கும்படி வைத்து அதன் நடுப்புள்ளியைக் குறியுங்கள். இனி எல்லா மடிப்பும் அந்தப் புள்ளியிலிருந்துதான் கிளம்பும். வலது பக்கத்தைத் தூக்கி இடது பக்கம் சாய்த்து மடியுங்கள். எவ்வளவு சாய்ப்பது? மடித்துப் போட்ட மடல் எவ்வளவு அகலமோ அதில் சரிபாதி அகலம் இடது ஓரத்தில் மூடாமல் தெரிய வேண்டும். கோணமானியில் பார்த்தால் மடல் 72 டிகிரி, மிச்சம் 36. இப்போது அந்த மிச்சத்தைத் தூக்கி மடலின் மேல் மடியுங்கள். கடைசியாக முழுவதையும் நடுவில் பாதியாக மடித்தால் 36 டிகிரியில் கூரான ஆப்பு ஒன்று கையில் இருக்கும். பத்து அடுக்கு.

கூர்முனையிலிருந்து ஒரு ஓரத்தில் 9 செ.மீ. தூரத்திலும் மறு ஓரத்தில் 3.5 செ.மீ. தூரத்திலும் புள்ளி வையுங்கள். இரண்டையும் ஸ்கேலால் இணைத்து அந்தக் கோட்டில் ஒரே வெட்டு. பிரித்தால் நட்சத்திரம். 3.5 என்பதைக் குறைத்தால் கால்கள் ஒல்லியாகும், கூட்டினால் குண்டாகும். ஒவ்வொரு முறையும் அதை மட்டும் மாற்றி என்ன வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். என் மகன் ஒரு சாயங்காலம் முழுக்க அதில் கழித்தான், டிவி பக்கமே போகவில்லை.

#7 மழைக்காகிதம்

அரைவட்டம் சார், செய்து பார்த்தோம். மகள் வெட்டினாள். பிரித்தால் நட்சத்திரம் இல்லை, சதுரத் தாளின் நடுவில் நட்சத்திர ஓட்டை! வெட்டி விழுந்த கூர்முனைத் துண்டைத் தம்பி கழிவு என்று நினைத்து ஜன்னலுக்கு வெளியே விட்டுவிட்டான். ஒரே அழுகை.

#8 அரைவட்டம்

அய்யோ. கூர்முனை உள்ள துண்டுதான் நட்சத்திரம், அதைச் சொல்ல மறந்துவிட்டேன், மன்னியுங்கள். ஆனால் ஓட்டைத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள்! அது அருமையான அச்சு. தாளின் மேல் அதை வைத்து, பஞ்சை வண்ணத்தில் தொட்டு, ஈரம் போகக் கொஞ்சம் ஒற்றிவிட்டு, ஓரத்திலிருந்து நடுப்பக்கம் தட்டித் தட்டி நிரப்பினால் எத்தனை நட்சத்திரம் வேண்டுமானாலும் போடலாம். பஞ்சில் வண்ணம் அதிகமானால் அடியில் கசியும், அவ்வளவுதான் விஷயம்.

#9 வெட்டிப்பேச்சு

அப்போது பதினான்கு முனை நட்சத்திரத்துக்கு என்ன செய்வது சார்? மலேசியக் கொடியில் அதுதான் இருக்கிறது. மடித்தால் 28 அடுக்கு வருமே.

#10 அரைவட்டம்

மாட்டிவிடப் பார்க்கிறீர்கள். 28 அடுக்கில் கத்தரி இறங்காது. அதற்கு மடிப்பே வேண்டாம். 9 செ.மீ. குறுக்களவில் ஒரு வட்டம் வெட்டுங்கள். அதன் சுற்றளவு ஏறக்குறைய 28 செ.மீ. அடிப்பக்கம் 2 செ.மீ. உள்ள ஒல்லியான முக்கோணம் பதினான்கு வெட்டி, வட்டத்தின் அடியில் செருகி வரிசையாக ஒட்டிக்கொண்டே வந்தால் சுற்றி வந்து கச்சிதமாக முடியும். அந்தக் கொடியின் கோடுகளும் பதினான்கு என்பதைப் பிள்ளையே எண்ணிக் கண்டுபிடிக்கட்டும்.

இந்தியக் கொடி வரைபவர்களுக்கு ஒன்று. சக்கரத்தின் 24 ஆரங்களைக் கையால் போட்டால் யாருக்கும் சரியாக வராது, 22 அல்லது 27 வரும். மெல்லிய தாளில் வட்டம் வெட்டி, பாதியாக மடித்து, அந்த அரைவட்டத்தை மூன்றாக மடித்து, பிறகு பாதி, மீண்டும் பாதி. பிரித்தால் 24 மடிப்புக் கோடுகள் நடுவிலிருந்து கிளம்பும். அவற்றின் மேல் ஸ்கேல் வைத்து நீலப் பேனாவால் இழுத்தால் முடிந்தது. மூன்றாக மடிக்கும் இடத்தில்தான் கவனம் வேண்டும், ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் வரை அழுத்திவிடாதீர்கள்.

கனடா இலைக்கு 11 முனை. பாதியாக மடித்து அரை இலையை வரைந்து வெட்டினால் பக்கத்துக்கு ஐந்து, உச்சியில் ஒன்று. ஜப்பான் கொடி பார்க்கத்தான் எளிது. வட்டத்தின் குறுக்களவு கொடி உயரத்தில் ஐந்தில் மூன்று பங்கு என்று அளந்து போட்டுப் பாருங்கள், கண்ணால் போடும் வட்டம் எவ்வளவு தப்பு என்று தெரியும். நேபாளக் கொடி பக்கம் நான் போகவில்லை. இரண்டு முக்கோணம் அடுக்கிய அந்தக் கொடியை வரையும் முறையைப் படிப்படியாக அரசியலமைப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். வடிவியல் பிடித்த பிள்ளை இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடிவிடும்.

#11 கத்தரிமூக்கு

தலைகீழ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சிவப்பு மேலே வெள்ளை கீழே என்றால் இந்தோனேசியா. திருப்பிப் பிடித்தால் போலந்து. பச்சை, வெள்ளை, ஆரஞ்சு நெடுக்குப் பட்டைகளில் பச்சை கம்பத்தின் பக்கம் வந்தால் அயர்லாந்து, ஆரஞ்சு வந்தால் ஐவரி கோஸ்ட். கொடியை வரைந்தவுடனே பின்பக்கத்தில் பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டு "மேல்" என்று எழுதிவிடுங்கள். ஒட்டும்போது அவசரத்தில் நாம்தான் தப்பு செய்வோம், பிள்ளைகள் இல்லை.

#12 சாயப்பெட்டி

காற்றாடியை யாரும் சொல்லவில்லையே? 15 செ.மீ. சதுரம், இரு பக்கமும் வேறு வேறு நிறம் இருக்கிற தாள். இல்லாவிட்டால் இரண்டு தாளை முதுகோடு முதுகாக ஒட்டிக் காயவிடுங்கள். நான்கு மூலைகளிலிருந்தும் நடுவை நோக்கி மூன்றில் இரண்டு பங்கு தூரம் வெட்டி, ஒன்றுவிட்டு ஒரு நுனியை நடுவுக்குக் கொண்டுவந்து குத்த வேண்டும்.

சுற்றாத காற்றாடிக்கு ஒரே காரணம், தாள் குச்சியோடு உரசுவது. நடுவில் ஒரு மணி கோத்துவிடுங்கள், ஊதினாலே சுற்றும். சின்னப் பையன் இருக்கும் வீட்டில் குண்டூசி வேண்டாம். காகிதத்தில் குத்தி பின்னால் இரண்டு காலையும் விரிப்போமே, அந்தப் பித்தளைப் பின் போதும், தடிமனான ஸ்ட்ராவில் ஓட்டை போட்டுச் செருகலாம். மணியும் அவன் வாய்க்குப் போகாத அளவில் இருக்கட்டும். பலூனும் அப்படித்தான். வெடித்த துண்டைக் குட்டிகள் வாயில் போட்டால் தொண்டை அடைத்துவிடும், எங்கள் வீட்டில் பலூனே கிடையாது.

பால்கனிக்குக் கிரேப் காகிதம் வேண்டவே வேண்டாம். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் சாயம் இறங்கும். போன வருட ரோஜா நிறம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வெளியே கட்டுவதற்குப் பழைய துணிதான். கிழிந்த படுக்கை விரிப்பு, சட்டை, எதுவானாலும் 3 செ.மீ. பட்டையாகக் கிழித்து நூலில் முடிச்சுப் போட்டுக்கொண்டே போனால் அடர்த்தியான தோரணம். தையல் இல்லை, பசை இல்லை. கிழிக்கும் சத்தத்துக்கே பிள்ளைகள் ஓடிவரும்.

#13 ஒட்டுப்பல்லி

ஒரே ஒரு வேண்டுகோள். மினுக்குத்தூள் வாங்காதீர்கள். மூன்று வருடத்துக்கு முன் கொட்டியது இன்றும் தரை விரிப்பில் மின்னுகிறது. அது பொடிப்பொடியாக இருக்கும் பிளாஸ்டிக், கழுவினால் சாக்கடைக்குப் போகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பிளாஸ்டிக் மினுக்குத்தூளைத் தனியாக விற்பதை 2023 அக்டோபரிலேயே தடுத்துவிட்டார்கள். மினுமினுப்பு வேண்டும் என்றால் அலுமினியத் தாளைக் கசக்கி விரித்து ஒட்டுங்கள்.

#14 இரட்டையர்அப்பா

இழையை மௌனமாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு விஷயம் சொல்லத் தோன்றுகிறது. போன வருடம் என் பையன்கள் இருவரும் சங்கிலி செய்தார்கள். சின்னவன் பசையைப் பட்டையின் நுனியில் தடவாமல் பட்டை முழுக்கத் தடவினான். வளையம் அவன் விரலில் ஒட்டியது, விரலோடு மேசை ஒட்டியது. நான் "இங்கே கொடு" என்று வாங்கி நானே இரண்டு வளையம் ஒட்டிக் காண்பித்தேன். இரண்டு, நாலாகி, நாலு இருபதாகி, நிமிர்ந்து பார்த்தால் பையன்கள் இருவரும் வேறு அறையில் இருக்கிறார்கள். நான் மட்டும் தரையில் உட்கார்ந்து நேர்த்தியாகச் சங்கிலி செய்துகொண்டிருக்கிறேன். மனைவி படம் எடுத்து வைத்திருக்கிறாள், இன்றும் காட்டுவாள்.

இந்த வருடம் எனக்குப் பட்டை வெட்டும் வேலை மட்டும். பசை டப்பா பக்கம் போகக் கூடாது என்று தீர்ப்பாகிவிட்டது.

#15 கத்தரிமூக்கு

உங்கள் மனைவிக்கு என் வணக்கம். வகுப்பில் நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடப்பேன், இல்லாவிட்டால் தானாக நீளும். பசையை டப்பாவோடு கொடுக்காமல் மூடியில் கொஞ்சம் ஊற்றி, ஒரு காதுபஞ்சுக் குச்சியோடு கொடுத்துப் பாருங்கள். குச்சி பிடிக்கிற அளவுதான் பட்டைக்குப் போகும்.

மழைக்காகிதம், உங்கள் அலமாரிக் கொடிகளைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்திய விதி, அமெரிக்க விதி இரண்டுமே பயன்படாத நிலைக்கு வந்த கொடியைக் கௌரவமாக, முடிந்தால் எரித்து, அழிக்கச் சொல்கின்றன. தனியிடத்தில் செய்ய வேண்டும் என்பதை இந்திய விதி வெளிப்படையாகவே சொல்கிறது. கையில் பிடித்து ஆட்டும் காகிதக் கொடியைத் தரையில் போடக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. உங்கள் நாட்டில் என்ன வழக்கம் என்று அந்தப் பெரியவரையே கேட்டுப் பாருங்களேன். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

#16 மழைக்காகிதம்

எல்லோருக்கும் நன்றி. நேற்று தேசிய நாள் முடிந்தது, அறிக்கை தருகிறேன்.

பால்கனியில் துணித் தோரணம். அப்பாவின் பழைய வெள்ளைச் சட்டை ஒன்று போனது, அவருக்கு இன்னும் சொல்லவில்லை. மழையும் வந்தது, தோரணம் கனத்துத் தொங்கியது, மதியத்துக்குள் காய்ந்துவிட்டது. உள்ளே சங்கிலி நாலு மீட்டர். தம்பி ஓரிடத்தில் சிவப்பையே தொடர்ந்து ஏழு வளையம் போட்டிருக்கிறான், கேட்டால் அது "ரயில் இன்ஜின்" என்கிறான். மகள் வெட்டியதில் நட்சத்திரம் பதினொன்று தேறியது, ஓட்டை அச்சு மூன்று. கொடி ஒன்று, அவளே அளந்து வரைந்தது, கூடத்துச் சுவரில்.

பெரியவரிடம் போனோம். அவர் கொடிகளை வாங்கிப் பார்த்து, "இன்னுமா வைத்திருக்கிறீர்கள்" என்று சிரித்தார். மொட்டைமாடியில் ஒரு பழைய மண் சட்டியில் அவரும் மகளும் ஒவ்வொன்றாக எரித்தார்கள். ஒவ்வொன்றையும் போடுவதற்கு முன் சுருக்கத்தை நீவிவிட்டார். நாற்பதில் மூன்று குறைந்தது. அவை போன வருடமே சாக்கடையோடு போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, பசையை வீட்டிலேயே மைதாவில் காய்ச்சினேன். ஒரு கரண்டிக்கு ஐந்து கரண்டி தண்ணீர், கட்டியில்லாமல் கரைத்து, கஞ்சிப் பதத்துக்குக் கிளறினால் போதும்.

#17 நூல்கண்டு

ரயில் இன்ஜின்! படம் போடுங்கள் அக்கா. பசை எத்தனை நாள் தாங்கியது?

#18 மழைக்காகிதம்

வெளியே வைத்தது மூன்றாம் நாளே நாற்றம். ஃபிரிட்ஜில் வைத்தது ஒரு வாரம் வந்தது. மேலே "பசை" என்று எழுதி ஒட்டாமல் வைத்துவிட்டேன், மாமியார் தயிர் என்று எடுத்துவிட்டார்.